மும்பை வழியாக ஒரு கார்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு நாள் காலை அரைமணி நேரம் நின்று பார்ப்பவனுக்கு, உலகத்திலுள்ள மோட்டார் வண்டிகள் யாவும் இந்த ஒரு பிரதேசத்தில்தான் ஜனனமாகின்றனவோ என்ற மயக்கம் தோன்றினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம் என்பதையே நெடுங்காலம் தன் பெருமையாகக் கொண்டிருந்த ஊர், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவை வெளியிட்டது முதலாக, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்து சேரச் சேர, கார்களை இரண்டு தட்டாகச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்தையும் நோக்கி ஊர்ந்துகொண்டேயிருக்கும் ஊராக மாறிவிட்டது. அந்த வண்டிகளில் சிலவற்றுக்கு ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கவனித்திருக்கலாம். அவை நம் சாலையில் ஓடப் பிறந்தவை அல்ல; கப்பலேறப் பிறந்தவை.

இப்படிக் கார்கள் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும் இடத்தில், ஒரே ஒரு பழைய காரை உள்ளே கொண்டுவருவது எத்தனை பிரயாசை என்பதை எனக்கு உணர்த்தியவர், ஒரகடத்தில் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர். பயிற்சியின் நிமித்தம் ஜப்பானில் நாகோயாப் பக்கம் மூன்று வருஷம் இருந்தவர். அங்கே ஓட்டிப் பழகிய காரின் மேல் ஏற்பட்ட பிரியத்தை, கும்பகோணத்தில் என்றோ குடித்த காப்பியைப் பற்றிச் சாகும்வரை பேசுகிறவர்களைப் போல, ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. "துறைமுகம் நமக்கு இரண்டு மணி நேரத் தூரந்தான், சார். இங்கேயிருந்து அத்தனை கார் போகிறதே, திரும்பி வருகிற கப்பலில் ஒன்று வரக் கூடாதா?" என்று அவர் கேட்டபோது, கேள்வியின் எளிமையைக் கண்டு விடையும் எளிதாகவே இருக்கும் என்று நானும் நம்பினேன்.

ஜப்பானில் பழைய கார் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாட்டில் புதிய காருக்கு மூன்று ஆண்டு நிறைந்ததும், அதன் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் வரியையும் இன்ஷூரன்ஸையும் கூட்டிப் பார்க்கும் குடும்பஸ்தர் பலர், காசைக் கொடுத்துச் சோதிப்பதைவிடக் காரை விற்றுவிட்டு வேறு வாங்குவதே உசிதம் என்று தீர்மானிக்கிறார்கள். அவ்விதம் ஏலத்துக்கு வரும் நல்ல வண்டிகள்தாம் கென்யாவுக்கும் நியூஸிலாந்துக்கும் இலங்கைக்கும் கப்பலேறிச் சென்று, யாழ்ப்பாணத்து மக்கள் வாயில் 'ரீகண்டிஷன்' என்று பெயர் பெற்று, இரண்டாம் வாழ்க்கை தொடங்குகின்றன. அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை அரசாங்கம் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பிப்ரவரியில்தான் தனியார் வண்டிகளுக்கு மறுபடியும் வழிவிட்டது என்பதும், இடைப்பட்ட காலத்தில் அங்கே பழைய காரின் விலை புதுக் காரின் விலையை மிஞ்சியது என்பதும் அந்தத் தீவில் உறவினர் உள்ளவர்களுக்குத் தெரியும்.

நம் தேசத்துச் சட்டமோ வேறு விதமானது. பன்னெடுங்காலம் அந்நிய வண்டிகளுக்குக் கதவு சாத்தியே இருந்தது. அயல்நாட்டுத் தூதரகத்தார் ஓட்டிக் கழித்த கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாங்கி விற்றால் உண்டு; இல்லையேல், செட்டிநாட்டார் யுத்தத்துக்கு முன் வாங்கி வைத்த 'பிளசர்' கார்களைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்ற பிறகு, இறக்குமதியின் மேலிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா 2001 ஏப்ரல் 1 முதல் நீக்கியபோது, பழைய கார்களுக்கும் கதவைத் திறந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று. கதவு திறந்தது, ஆனால் திறந்த கையோடு, நுழைபவன் முதுகு நிமிராதபடி நிலைப்படியின் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

வண்டி, உற்பத்தியான தேதியிலிருந்து மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. மேலே சொன்ன ஷாக்கென் கணக்கை வாசகர் நினைவுக்குக் கொண்டுவந்தால், ஜப்பானியன் விற்கத் துணியும் அதே மூன்றாம் வருஷத்தில் இந்தியன் வாங்கும் உரிமையை இழக்கிறான் என்ற விநோதம் விளங்கும். ஸ்டியரிங் வலப் பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முன்விளக்கின் ஒளி இடப்புறம் செல்லும் போக்குவரத்துக்குப் பொருத்தமாக விழ வேண்டும். இவற்றில் ஆட்சேபம் சொல்ல யாருக்கும் இடமில்லை. ஆனால், இறக்குமதியான நாளிலிருந்து ஐந்தாண்டு காலம் வண்டி சாலையில் ஓடத் தகுதியாயிருக்கும் என்பதற்கும், அந்த ஐந்தாண்டும் அதைப் பழுது பார்க்கும் வசதி இந்தியாவில் உண்டு என்பதற்கும் உத்தரவாதம் வேண்டும் என்கிற நிபந்தனையை, கம்பெனி அல்லாத ஒரு தனி மனிதன் எந்த முகத்தோடு நிறைவேற்றுவது? கப்பலில் ஏற்றுமுன் அந்த நாட்டில் ஒரு பரிசோதனை, அதற்கு ஒரு சான்றிதழ். இறங்கிய பின் இந்த நாட்டில் ஒரு பரிசோதனை, அதற்கு வேறொரு சான்றிதழ். இவ்வளவையும் ஒருவன் சரிக்கட்டிவிட்டான் என்றே வைத்துக்கொண்டாலும், கடைசியாக ஒரு வரி நிற்கிறது: பழைய வண்டிகள் மும்பைத் துறைமுகத்தின் வழியாக மட்டுமே வரலாம்.

இந்த வரியை முதல்முறை படித்தபோது என் நண்பர் சிரித்தார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. புதிய வண்டிகளுக்குச் சென்னை உட்படப் பல துறைமுகங்கள் திறந்திருக்க, பழைய வண்டிக்கு மட்டும் தேசத்தின் மேற்குக் கரையில் ஒற்றை வாசல். துறைமுகத்தில் இறங்கியதும் பரிசோதிக்க விதிகள் பெயர் சொல்லும் இடங்கள் அகமதுநகர், புனே, மத்தியப் பிரதேசத்துப் புத்னி ஆகியவை. விதி எழுதப்பட்ட காலத்தில் தென்னாட்டில் அத்தகைய ஸ்தாபனம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். இப்போது நிலைமை அதுவன்று. வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கவும், புகையை அளக்கவும், ஓட்டிப் பார்க்கவும் வசதி படைத்த குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்ற மத்திய அரசாங்க நிலையம், வேறெங்குமல்ல, ஒரகடத்திலேயே இருக்கிறது. என் நண்பர் வேலைக்குப் போகும் வழியில் தினமும் அதன் மதிலைக் கடந்துதான் போகிறார்.

இங்கே ஒரு கிளைக்கதை. இந்தப் பிரதேசத்தில் கொரியாக்காரர்கள் கணிசமாக வசிக்கிறார்கள். அவர்களுக்கென்று உணவு விடுதிகளும் கடைகளும் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றன. அவர்களில் ஒருவர் தம் சொந்த ஊரில் ஓட்டிய ஹூண்டாய் காரை, அதே ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டாலும் முடியாது. கொரியாவில் சாலையின் வலப்புறம் செல்வது வழக்கமாகையால் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்புறம். வேடிக்கை என்னவென்றால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, தக்க சமிக்ஞைக் கருவி பொருத்தியிருந்தால் இடப்புற ஸ்டியரிங் வண்டியை ஓட்டலாம் என்றே சொல்கிறது. ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. இறக்க விதி இடம் தரவில்லை.

வரி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விரித்தால் வாசகருக்கு மனக்கிலேசம் உண்டாகும். பழைய காருக்கு அடிப்படைச் சுங்கம் நெடுங்காலம் 125 சதவீதம். அதன் மேல் சமூக நல மேல்வரியைச் சேர்த்தால் 137.5. 2025ஆம் வருஷத்து பட்ஜெட்டில் அடிப்படை விகிதத்தைக் குறைத்தார்கள் என்ற செய்தி கேட்டு மகிழ்ந்தவர்கள், வேறொரு மேல்வரி வந்து அதே இடத்தில் உட்கார்ந்ததைப் பிறகுதான் கண்டார்கள். 10 லட்ச ரூபாய் மதிப்புள்ள வண்டிக்குச் சுங்கம் மட்டும் 13 லட்சத்து 75 ஆயிரம், ஜி.எஸ்.டி. அதற்கு மேல். அந்த மதிப்பும் நாம் ஏலத்தில் கொடுத்த விலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதிலிருந்து முதலாண்டுக்குக் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாமாண்டுக்கு 3, மூன்றாமாண்டுக்கு இரண்டரை என்று தேய்மானம் கழித்துக் கணக்கிடுவது சுங்க இலாகாவின் நெடுநாளைய சம்பிரதாயம். இத்தனையும் கட்டி ஊர் வந்து சேர்ந்தால், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி 20 சதவீதம் காத்திருக்கிறது.

இவ்வளவு கடுமைக்கும் நியாயம் இல்லையா என்றால், இருக்கிறது. 2001இல் இந்தக் கதவு திறந்தபோது சான்ட்ரோவுக்கு வயது மூன்று; மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை தொடங்கி இரண்டாண்டு. அந்தச் சமயத்தில் ஜப்பானியப் பழைய கார்கள் சகாய விலைக்கு வெள்ளமாய் வந்திருந்தால், இன்று ஒரகடத்தில் எத்தனை கூரைகள் எழும்பியிருக்கும் என்பது சந்தேகம். கென்யாவிலும் இலங்கையிலும் பழைய கார் ஏராளமாக ஓடுகிறது. நம்முடையதைப் போன்ற கார்த் தொழில் அங்கே இல்லை. என் நண்பரின் மாதச் சம்பளமே அந்தக் குனிந்த நிலைப்படியின் உபயம் என்று நான் சொன்னபோது, அவரால் மறுக்க முடியவில்லை. என் ஆட்சேபம் தடையின் மேல் அல்ல. தடையென்று சொல்லாமல் அனுமதி என்று எழுதி வைத்திருக்கும் பாசாங்கின் மேல்.

பாசாங்குக்கு எப்போதும் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, நீதிமன்றம். தமிழ்நாட்டில் 1990ஆம் வருஷத்து நுழைவு வரிச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வரும் காருக்கும் பொருந்துமா என்ற சந்தேகத்தில் எத்தனையோ வண்டிகளின் பதிவு தடைப்பட்டு, வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. நடிகர் விஜய் 2012இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்காகத் தொடுத்த வழக்கு, 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் 1 லட்ச ரூபாய் அபராதத்தோடு தள்ளுபடியாகி, பின்னர் டிவிஷன் பெஞ்ச் அபராதத்துக்கு இடைக்காலத் தடை விதித்து, 2022 ஜனவரியில் அவரைப் பற்றிய கடுஞ்சொற்களையும் தீர்ப்பிலிருந்து நீக்கிய வரலாறு பத்திரிகை படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். இதற்குள் ஜி.எஸ்.டி. வந்து, அந்த நுழைவு வரி என்பதே கதையாகிவிட்டது.

மற்றொரு விளைவு, கொல்லைப்புற வழி. 2025 செப்டம்பரில் கொச்சியிலுள்ள சுங்க இலாகா, 'நும்கூர்' என்ற பெயரில் கேரளத்தில் பல இடங்களைச் சோதனையிட்டது. அச்சொல்லுக்குப் பூட்டானிய மொழியில் வண்டி என்று பொருள். பூட்டானிலிருந்து பழைய வண்டிகளை வரியின்றிக் கடத்தி, கள்ளப் பத்திரங்களைக் கொண்டு வட மாநிலங்களில் பதிவு செய்து, அதன் பிறகு தெற்கே கொண்டுவந்து விற்றார்கள் என்பது இலாகாவின் குற்றச்சாட்டு. ஸ்டியரிங்கும் வயதும் கிலோமீட்டரும் பார்த்துப் பார்த்து எழுதிய விதிகள், வாசலில் வந்து நின்ற யோக்கியனை நிறுத்தின. வேலி தாண்டியவனை நிறுத்தவில்லை.

என் நண்பர் வேலி தாண்டுகிற ரகமல்ல. ஆனால் ஆசையையும் விட்டாரில்லை. வெளிநாட்டில் இரண்டாண்டு தொடர்ந்து வசித்து நிரந்தரமாகத் தாயகம் திரும்புவோர், ஓராண்டாவது தம்மிடம் இருந்த காரை முழுச் சுங்கமும் கட்டிக் கொண்டுவர விதியில் ஒரு சலுகை உண்டு. அப்படி யாரோ ஒருவர் முன்பு ஜப்பானிலிருந்து கொண்டுவந்து டெல்லியில் பதிவு செய்து ஓட்டிய பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருவதாக அறிந்து, அதை வாங்கினார். தலைநகரத்தில் 15 ஆண்டு நிறைந்த பெட்ரோல் வண்டியும் 10 ஆண்டு நிறைந்த டீசல் வண்டியும் ஓடக் கூடாதென்ற உத்தரவு அப்போது இருந்ததால், அந்த வயதை நெருங்கும் வண்டிகளை அங்குள்ளவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது சகஜமாயிருந்தது. விலை சகாயந்தான். பிற்பாடுதான் தெரிந்தது, வாங்கியது காரை அல்ல, ஒரு கேள்வித்தாளை என்று.

டெல்லியிலிருந்து தடையின்மைச் சான்று வந்து சேர்ந்தது. இங்கே ஓர் அலுவலகத்தில் புதுப் பதிவு எண் கோரி விண்ணப்பம் கொடுத்தார். இந்தியாவில் செய்த காருக்கு 17 எழுத்தும் எண்ணுமாகச் சேஸிஸ் நம்பர் இருக்கும். ஜப்பானில் உள்நாட்டு உபயோகத்துக்கென்று செய்த காருக்கோ அதைவிடக் குட்டையான நம்பர். பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதத்தைப் பார்த்த உத்தியோகஸ்தர், "மிச்ச நம்பர் எங்கே சார்?" என்றார். மிச்சமே கிடையாது என்பதை நம்பவைக்க மூன்று நடை. உற்பத்தியான வருஷம் என்ன என்று அடுத்த கேள்வி. ஜப்பானியப் பத்திரத்தில் அது ஹெய்ஸெய் இருபது என்று சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டாக எழுதப்பட்டிருந்தது. ஹெய்ஸெய் இருபது என்றால் 2008 என்று விளக்கி, மொழிபெயர்ப்புக்கு நோட்டரி கையெழுத்து வாங்கி வந்தால், கம்ப்யூட்டரில் கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபின் விரியும் பட்டியலில் அந்த மாடலே இல்லை. "நீங்க தப்பா எதுவும் பண்ணலை சார். ஆனா இதுல ஏறமாட்டேங்குதே, நான் என்ன பண்ண?" என்று அந்த உத்தியோகஸ்தர் உண்மையான விசனத்தோடு சொன்னதாக நண்பர் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஜாதகமில்லாத குழந்தைக்கு முகூர்த்தம் குறிக்கச் சொன்னால் ஜோசியர்தான் என்ன செய்வார்?

ஐந்து மாதம் கழித்து எண் கிடைத்தது. கிடைத்த கொஞ்ச காலத்திலேயே வண்டிக்கு 15 வயது நிறைந்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டுக் காராக இருந்தால் 5,000 ரூபாய். இறக்குமதிக் காராகையால் 40,000. இருபது வயது தாண்டினால் இந்தக் கட்டணம் 80,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தியிருக்கிறார்கள். அந்த நாளை நினைக்க நண்பர் இப்போது விரும்பவில்லை.

பழுது பார்க்கும் படலம் ஒப்புநோக்கச் சந்தோஷமானது என்றே சொல்ல வேண்டும். காரை முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஜப்பானிய பாஷையில் ஒரு பெண்குரல் பணிவாக ஏதோ சொல்லியது. மெக்கானிக் துள்ளி விலகினார். சுங்கச்சாவடிக்கான அட்டை செருகப்படவில்லை என்று அந்த அம்மாள் தெரிவிக்கிறாள் என்றார் நண்பர். நெமிலி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் ஒட்டிக்கொண்டு நிற்கும்போதும் அவள் அதையேதான் தெரிவித்துக்கொண்டிருக்கிறாள். ரேடியோ 76 முதல் 90 வரைதான் பிடிக்கும், கார் செய்யப்பட்ட காலத்தில் ஜப்பானில் அதுவே பண்பலை, சூரியனின் 93.5ம் மிர்ச்சியின் 98.3ம் அதற்கு எட்டாத லோகங்கள். இவை சில்லறை உபத்திரவங்கள். நிஜமான கஷ்டம் ரப்பரில் இருந்தது. குளிர் தேசத்துக்கென்று வார்த்த சஸ்பென்ஷன் புஷ்களும் கதவு பீடிங்கும் நம் வெயிலில் அப்பளமாய் வெடித்திருந்தன. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார்; "இந்த மாடல் இங்க வந்ததே இல்ல, அண்ணே" என்பதே எங்கும் பதில். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய ஜப்பானிய உதிரி பாகம் மலைபோலக் குவிந்து கிடக்கும் என்றார்கள்; ஒரு புஷ்ஷுக்காகக் கடல் தாண்டவா?

முடிவில் கைகொடுத்தது ஒரகடம்தான். பெரிய தொழிற்சாலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள் இந்தச் சாலையின் உள்சந்துகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் லேத் பிடிக்கும் ஒரு முதியவர், வெடித்த புஷ்ஷைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்து பார்த்துவிட்டு, "நாளான்னிக்கு வாங்க" என்றார். வெளிக்குழலைக் கடைந்து, தெரிந்த இடத்தில் ரப்பர் வார்த்து, சொன்ன நாளில் நான்கு புஷ்களைக் கொடுத்தார். ஐந்தாண்டுக்குப் பழுது பார்க்கும் வசதி உண்டு என்பதற்கு உத்தரவாதம் கேட்கும் அரசாங்கம், இந்த மனிதரின் சீட்டை வாங்கிக்கொள்ளுமா என்று நண்பர் கேட்டார்.

மத்திய சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பழைய காரை அனுமதிக்க மனமில்லையானால் கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள், ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். சிலருக்கேனும் உண்டு என்றால், சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, ஒரகடத்தில் பரிசோதித்து, ஸ்ரீபெரும்புதூரில் பதிவு செய்ய வழிவிடுங்கள். மூன்றும் அறுபது மைலுக்குள் இருக்கின்றன.

வாசகருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வெளிநாட்டுப் பழைய கார் சகாயமாக வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள்; சுங்கத்தில் கொடுத்த 'பில் ஆஃப் என்ட்ரி'யின் அசலைக் காட்டச் சொல்லுங்கள், அதிலுள்ள சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அசல் வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.